சாமான் துண்டும் கைத்தொலைபேசியும்

காகிதத் துண்டொன்றிலே நாலைந்து பண்டங்களின் பெயரை எழுதி, காசையும் அதற்குள் வைத்து மடித்து, வீட்டுச் சிறுவனின் கையிற் கொடுத்துக் கடைக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. அத் துண்டு கடைக்காரரின் கையை அடைந்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடும். இன்று அதன் இடத்தைக் கைத்தொலைபேசியின் செயலி ஒன்று பற்றிக்கொள்ளத் தொடங்கியுள்ளது. வீட்டார் அனைவரும் தத்தம் தொலைபேசியில் ஒரே பட்டியலைக் காணலாம். ஒருவர் பருப்பைச் சேர்த்தால் மற்றவர் திரையிலும் பருப்புத் தோன்றும். வாங்கியவர் கோடிட்டால் எல்லார் திரையிலும் கோடு விழும். ஒரு வாரத்துச் சமையலை முன்கூட்டியே வகுத்து, அதற்கு வேண்டிய பொருள்களைத் தானே கூட்டித் தரும் வசதியும் சில செயலிகளில் உண்டு.

வெளிக்கு எளிதாய்த் தோன்றும் இதன் உள்ளே ஒரு சிக்கல் இருந்தது. இணையத் தொடர்பு அறுந்த வேளையிலே கணவர் ஒரு பொருளைப் பட்டியலிலிருந்து நீக்குகிறார். மனைவியோ அதே பொருளை ‘இரண்டு’ என மாற்றுகிறார். தொடர்பு மீண்டபின் எதனை ஏற்பது? 2007 ஆம் ஆண்டிலே அமேசன் நிறுவனப் பொறியியலாளர் தமது ‘டைனமோ’ என்னும் தரவுக் களஞ்சியம் பற்றி வெளியிட்ட ஆய்வுரையில், தம் வணிகத் தளத்தின் கூடைக்கு இத்தகைய சிக்கல் நேர்வதை விளக்கினர். கூடையிற் சேர்த்தது ஒருபோதும் தொலையலாகாது. நீக்கிய பொருள் எப்போதாவது மீண்டும் தலைகாட்டினால் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட வழி. வணிகருக்கு உகந்த தீர்வுதான்! பின்னர், 2011 இல், மார்க் ஷபீரோவும் அவருடன் பணியாற்றியோரும் பிரதிகள் முரணின்றித் தாமே ஒன்றுபடத்தக்க தரவமைப்புகளை வரையறுத்துக் காட்டினர். ஆகவே தொலைபேசிகள் தமக்குள் இணங்குவது இன்று பெரிய காரியமன்று.

வீட்டார் இணங்குவது எப்படி? யாழ்ப்பாணத்திலே, கணவனும் மனைவியும் ஆசிரியராயுள்ள ஒரு குடும்பத்தை நான் அறிவேன். பாடசாலை விட்டு வரும் வழியில் கணவர் பொருள் வாங்குவார். செயலி வந்த புதிதிலே, ஒரே பொருளை இருவரும் வாங்கிவருவது நின்றது; கடை வாசலில் நின்று ‘வேறென்ன?’ என்று கேட்கும் தொலைபேசி அழைப்பும் நின்றது. இருவருக்கும் மகிழ்ச்சியே. ஒருநாள் சீரகம் இல்லாமற் போயிற்று.

“சீரகம் முடிஞ்சதை நீர் ஏனப்பா அதிலை போடேல்லை?” என்றார் அவர்.

“போத்திலைத் திறந்து பார்க்கிறதுக்கும் ஒரு ஆள் வேணுமெல்லோ?” என்றார் அம்மையார்.

இந்த மறுமொழியிலே அடங்கியிருப்பதை மேனாட்டுச் சமூகவியலாளர் ஆராய்ந்துள்ளனர். பிரான்சிலே மொனிக் ஐக்கோ என்பவர் 1984 இலேயே இல்லத்தின் ‘மனச்சுமை’ பற்றி எழுதினார். அமெரிக்காவிலே அலிசன் டாமிங்கர் 35 தம்பதியரைச் செவ்விகண்டு 2019 இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுச் சிந்தனை வேலையை நான்காகப் பகுத்தார்: தேவையை முன்னுணர்தல், அதற்கான வழிகளைத் தேடல், முடிவுசெய்தல், நடந்ததா எனக் கண்காணித்தல். முடிவுசெய்வதில் இருவரும் பெரும்பாலும் பங்குகொள்கின்றனர். முன்னுணர்தலும் கண்காணித்தலும் பெண்ணின் தலையிலேயே கூடுதலாக விழுகின்றன என்பது அவர் கண்டது. செயலி பகிர்ந்தளிப்பது பட்டியலை. அப் பட்டியல் பிறக்குமுன் நிகழும் வேலை அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாறாக, வேலை பங்கிடப்பட்டுவிட்டது என்ற எண்ணத்தைக் கணவன்மாருக்கு அது எளிதில் தந்துவிடுகிறது என்பது என் கருத்து.

வாரச் சமையல் திட்டத்தின் கதை வேறு. திங்களுக்கு இன்னது, செவ்வாய்க்கு இன்னது என வகுப்போர், கடையில் எல்லாம் எப்போதும் இருக்கும் என்று நம்புவோர். பாசையூர்ச் சந்தைக்குப் போகிறவர் அவ்வாறு நம்புவதில்லை. கடலுக்குப் போனவர் கொண்டுவந்தது பாரையா, விளைமீனா, வெறும் சூடையா என்று கண்ட பின்னரே குழம்பா, பொரியலா, சொதியா என்பது முடிவாகும். பட்டியல் சந்தைக்கு முன்னே பிறப்பதன்று, சந்தையிலே பிறப்பது. அளவைகளும் அவ்வாறே. அரிசிக்குச் சுண்டும் கீரைக்குக் கட்டும் பாணுக்கு இறாத்தலும் வழங்கும் அடுக்களைக்குள் கிராமும் கோப்பையும் பேசும் திட்டம் நுழைந்து சற்றுத் திகைத்து நிற்கிறது. 2022 இலே பால்மாவும் சமையல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் அரிதாகிய மாதங்களில், என்ன வேண்டும் என்று எழுதுவதிலும் எங்கே வரிசை நிற்கிறது என்று அறிவதே பயனுடையதாயிற்று.

அவ்வாசிரியர் வீட்டிலே சமையல் திட்டம் இரண்டு கிழமையுடன் கைவிடப்பட்டது. பட்டியல் மட்டும் நிலைத்தது. வீட்டிலுள்ள மாமியார் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை தட்டெழுதுகிறான். ‘சரக்குத்தூள்’ என்பதை எழுத்துப் பிழையின்றி எழுத அவன் கற்றுக்கொண்டான். வெள்ளிக்கிழமை இரவுகளிலே போத்தல்களைத் திறந்து பார்க்கும் பொறுப்பைக் கணவர் ஏற்றுள்ளார். முதல் வாரம் அவர் பட்டியலிற் சேர்த்த சீரகம் மேல்தட்டில் ஒரு பக்கற் பிரிக்காமல் இருந்தது. அம்மையார் அதனை நீக்கவில்லை. அவர் வாங்கிக்கொண்டு வரட்டும் என்று விட்டுவிட்டாராம்.