உபாத்தியாயர் வேஷம் பூண்ட நடிகர்

பள்ளிக்கூட வாத்தியார் என்றால் ஸினிமாக்காரர்களுக்கு எப்போதுமே ஓர் இளக்காரம் உண்டு. படத்தில் வாத்தியார் தோன்றினால் கொட்டகையில் சிரிப்பு எழவேண்டும் என்பது அநேகமாக எழுதாத சட்டம். உபாத்தியாயத் தொழிலிலே தலை நரைக்கத் தொடங்கிவிட்ட நமக்கு அதைப் பற்றிப் பெரிய மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தை மீறி, ஒரு வாத்தியாரின் வாழ்க்கையைத் திரையில் காட்டி, உலகத்தைக் கண் கலங்கச் செய்த நடிகர் ஒருவரிடம் நமக்குத் தனியான அபிமானம் உண்டு. அவர் இங்கிலாந்து தேசத்து ராபர்ட் டோனாட். படம், 1939-ல் வெளிவந்த 'குட்பை, மிஸ்டர் சிப்ஸ்'.

அந்தப் படத்தின் கதையைக் காட்டிலும் அதில் நடித்தவரின் கதை நமக்கு அதிகம் போதிக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

திக்கிய நாக்கு

டோனாட் 1905-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த விதிங்டனில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. பிற்காலத்தில் எவருடைய குரலைக் கேட்பதற்கென்றே ரஸிகர்கள் காத்துக் கிடந்தார்களோ, அவர் சிறு வயதில் திக்குவாய்ப் பையன்! அத்துடன் வட இங்கிலாந்துக் கொச்சை வேறு நாவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பையனை ஜேம்ஸ் பெர்னார்டு என்ற பேச்சுக்கலை ஆசிரியரிடம் அனுப்பினார்கள். எழுத்து எழுத்தாக, மூச்சு மூச்சாக, அவர் அந்த நாவைப் பழக்கினார். மூச்சை எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்பதில் தொடங்கிய பாடம் ஷேக்ஸ்பியரில் போய் முடிந்தது. 1921-ல், பதினாறாம் வயதில், பர்மிங்ஹாம் நகரில் 'ஜூலியஸ் ஸீஸர்' நாடகத்தில் புரூட்டஸின் பணிப்பையன் லூஷியஸாக டோனாட் முதன்முதலில் மேடை ஏறினார். வாய் திறக்கக் கூசிய பிள்ளை, வாய் திறப்பதையே ஜீவனமாகக் கொண்டான்!

1924-ல் ஸர் பிராங்க் பென்ஸனின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஊர் ஊராகச் சென்று ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடத்தி வந்த கம்பெனி அது. நம் நாட்டு நாடகக் கம்பெனிகளின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதும், இன்று சேவகன் நாளை ராஜகுமாரன் என்று வேஷம் மாறுவதுமாக அவர் தொழில் கற்றார்.

திரையில் புகழ்

1932-ல் அலெக்ஸாண்டர் கோர்டா அவரைத் திரைக்கு அழைத்துக்கொண்டார். மறு வருஷம் வந்த எட்டாம் ஹென்றி மன்னரைப் பற்றிய படத்தில் சிறிய வேஷம்தான். ஆயினும் பலர் கண்ணில் பட்டார். 1934-ல் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' படத்திற்காக ஹாலிவுட் சென்றார். வெற்றிதான். ஆனால் ஊர் பிடிக்கவில்லை, திரும்பி வந்துவிட்டார். பிறகு 'காப்டன் பிளட்' படத்தின் கதாநாயக வேஷம் தேடி வந்தது. அதிலிருந்தும் அவர் விலகிக்கொள்ளவே, அந்த இடத்தில் நடித்த எரால் பிளின் ஒரே படத்தில் பெரிய நக்ஷத்திரம் ஆனார்.

1935-ல் ஹிட்ச்காக் எடுத்த '39 படிகள்' வந்தது. செய்யாத கொலைக்காகப் போலீஸார் துரத்த, தன்னை நம்பாத ஒரு பெண்ணோடு சேர்த்துக் கைவிலங்கு பூட்டப்பட்டு ஸ்காட்லாந்து மலைவெளிகளில் ஓடுகிறான் கதாநாயகன். அந்த அவஸ்தையிலும் கண்ணில் ஒரு சிரிப்பு மின்னும்படி டோனாட் நடித்தார்.

எதிரி உள்ளேயே இருந்தான்

இத்தனை பாக்கியம் வாய்த்தவர் தம் ஆயுளில் நடித்த படங்கள் ஏன் இருபதுக்கு மேல் போகவில்லை? காரணம், சுவாசகாசம். நம் வீடுகளில் 'இழுப்பு' என்று சொல்கிறோமே, அந்த வியாதி.

மற்றத் தொழில்களில் உள்ளவர்களுக்கு இழுப்பு ஒரு வியாதி. குரலால் பிழைக்கிறவருக்கோ அது தொழிலின் வேரிலேயே விழும் வெட்டு. சிறு வயதில் மூச்சை அடக்கக் கற்றுத்தான் திக்கலை வென்றார். இப்போது அந்த மூச்சே பகையாயிற்று. 1937-ல் வெளிவந்த 'கவசமில்லாத வீரன்' என்ற படம் எடுக்கும்போது நடுவில் படுத்துவிட்டார். படப்பிடிப்பு தடைப்பட்டது. வேறொருவரைப் போடாமல் காத்திருக்கும்படி கதாநாயகி மார்லீன் டீட்ரிக் அவருக்காகப் பரிந்து பேசினார் என்பர்.

அடுத்த வருஷம் வந்த 'ஸிடாடல்' படத்தில் அவருக்கு டாக்டர் வேஷம். வேல்ஸ் தேசத்து நிலக்கரிச் சுரங்கங்களில் தூசியை விழுங்கி இருமும் தொழிலாளிகளின் நெஞ்சு நோயை ஆராயும் டாக்டர்! அந்த நடிப்பு ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது.

சிப்ஸ் வாத்தியார்

அதற்குப் பிறகு வந்ததே 'மிஸ்டர் சிப்ஸ்'. ஜேம்ஸ் ஹில்டன் 1934-ல் எழுதிய சிறு நாவலைத் தழுவியது. இளைஞரான சிப்பிங் 1870-ல் லத்தீன் வாத்தியாராகப் பள்ளிக்கு வருகிறார். முதல் நாளே பையன்கள் வகுப்பைச் சந்தைக்கடை ஆக்கிவிடுகிறார்கள். பயந்தவர் கடுமையைக் கவசமாகப் பூணுகிறார். மரியாதை கிடைக்கிறது, அன்பு கிடைக்கவில்லை. நடுத்தர வயதில் வாய்த்த மனைவி அவருக்குச் சிரிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டு, பிரசவத்தில் குழந்தையோடு மறைந்துவிடுகிறாள். அதன் பின் பள்ளிக்கூடமே குடும்பம். மகா யுத்தத்தில் மாண்ட மாணவர்களின் பெயர்களை வாசிக்கும்போது, ஜெர்மன் பக்கத்தில் போரிட்டு இறந்த தம் பழைய சக ஆசிரியர் பெயரையும் சேர்த்து வாசிக்கிறார் சிப்ஸ். எதிரி நாட்டானாயிற்றே என்று பையன்கள் திகைக்கிறார்கள். அவருக்கோ நண்பன் நண்பன்தான்.

படம் வெளிவந்தபோது டோனாட்டுக்கு வயது 34. திரையிலோ இருபதுகளிலிருந்து எண்பதைத் தாண்டும் வரை நம் கண் முன்னே கிழவராகிறார். வேஷப் பூச்சு மட்டும் அதைச் செய்யவில்லை. நடை தளர்கிறது, குரல் மெலிகிறது, வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்குகிறது. மூச்சுக்கு நெடுநாள் போராடியவர் அதை யாரிடமும் போய்க் கற்கவேண்டியிருக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

1940 பிப்ரவரியில் ஆஸ்கார் பரிசளிப்பு நடந்தது. 'கான் வித் தி விண்ட்' படம் பரிசுகளை வாரிக் குவித்த இரவு அது. சிறந்த நடிகர் பரிசு மட்டும் அந்தப் படத்தின் கிளார்க் கேபிளுக்குக் கிட்டவில்லை; லாரென்ஸ் ஒலிவியருக்கும் கிட்டவில்லை. கிழட்டு லத்தீன் வாத்தியார் தட்டிக்கொண்டு போனார்!

கடைசி வணக்கம்

பின்னர் அவர் நடித்தவை சொற்பம். நடித்தவற்றில் பல சிறந்தவை. ஐந்து ஷில்லிங் போஸ்டல் ஆர்டரைத் திருடியதாகக் கடற்படைப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுவனுக்காக வாதாடும் வக்கீலாக, 1948-ல் 'வின்ஸ்லோ பாய்' படத்தில் தோன்றினார். 1953-ல் லண்டன் ஓல்டு விக் மேடையில் எலியட்டின் நாடகத்தில் பெக்கெட் பாதிரியாராக நடித்தபோது, திரைக்குப் பின்னால் பிராணவாயு உருளைகள் தயாராக வைக்கப்பட்டிருந்தனவாம். மறு வருஷம் வெளிவந்த 'ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்' படத்திற்கு ஒப்பந்தமாகியும், உடல் இடம் தராததால் விலகினார்.

கடைசியாக, 'ஆறாவது இன்பத்தின் சத்திரம்' என்ற படத்தில் இங்க்ரிட் பெர்க்மனோடு சீன தேசத்து மாண்டரின் வேஷத்தில் நடித்தார். இனி நாம் சந்திக்கமாட்டோம் என்று விடைபெறும் வசனத்தோடு அவருடைய பாகம் முடிகிறது. 1958 ஜூன் 9-ந் தேதி அவர் காலமானார், வயது 53. படம் அதன் பிறகே வெளிவந்தது.

நமக்கு எட்டியது

பல வருஷங்களுக்கு முன் நம் வகுப்பில் திக்குவாய்ப் பையன் ஒருவன் இருந்தான். அவன் வாசிக்க எழுந்தால் வகுப்பு சிரிக்கும். அவன் மனம் நோகக்கூடாதே என்று, அவனை வாசிக்கச் சொல்வதையே நாம் நிறுத்திவிட்டோம். அதைக் கருணை என்றே நெடுநாள் நம்பியிருந்தோம். டோனாட்டின் வரலாற்றைப் படித்த பிறகுதான், அது கருணை அல்ல, சோம்பல் என்று தெரிந்தது. பெர்னார்டு பொறுமையாகக் காத்திருந்தார், நாம் காத்திருக்கவில்லை.

இப்போதெல்லாம் திக்கும் பிள்ளையின் முறை வந்தால் தாண்டிப் போவதில்லை. புஸ்தகத்தை மடித்து வைத்துவிட்டு, வாக்கியம் முடியும் வரை காத்திருக்கிறோம். சில நாள் அதற்குள் மணி அடித்துவிடுகிறது. அடிக்கட்டுமே!