றோவை உருவாக்கிய காவ்

இந்தியாவின் வெளிநாட்டுப் புலனாய்வு நிறுவனமான ‘றோ’ 1968 செப்டெம்பர் 21 அன்று தொடங்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் ராமேஷ்வர் நாத் காவ். 1918இல் வாரணாசியில் காஷ்மீரப் பண்டிதர் குடும்பமொன்றில் பிறந்தவர். பிரித்தானியர் காலத்தில் பொலிஸ் அதிகாரியானார். 1947இல் உள்நாட்டுப் புலனாய்வுப் பணியகத்துக்கு வந்தார். பிரதமர் நேருவின் பாதுகாப்பும் சில காலம் அவர் பொறுப்பில் இருந்தது.

அவர் திறமைக்குச் சான்று 1955ஆம் ஆண்டு விசாரணை. ஆசிய-ஆபிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டுக்காக ஹொங்கொங்கிலிருந்து புறப்பட்ட ஏயார் இந்தியாவின் ‘காஷ்மீர் பிரின்சஸ்’ விமானம் குண்டு வெடித்துத் தென்சீனக் கடலில் விழுந்தது. 16 பேர் மாண்டனர். மூவர் மட்டுமே பிழைத்தனர். இலக்கு சீனப் பிரதமர் சூ என்லாய். அவர் அந்த விமானத்தில் ஏறியிருக்கவில்லை. துப்புத் துலக்க நேரு அனுப்பியது காவைத்தான். சக்கரம் மடங்கும் அறையில் குண்டு வைத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட விமான நிலையத் துப்புரவாளர் அதற்குள் தைவானுக்குத் தப்பியிருந்தார்.

1962இல் சீனாவுடனும் 1965இல் பாகிஸ்தானுடனும் நடந்த போர்கள் ஒரு குறையைக் காட்டிக்கொடுத்தன: எதிரியின் பலத்தையும் நோக்கத்தையும் ஆட்சியாளர்கள் உரிய நேரத்தில் அறிந்திருக்கவில்லை. ஆகவேதான் இந்திரா காந்தி வெளிநாட்டு உளவைத் தனியாகப் பிரித்தார். அமைச்சரவைச் செயலகத்தின் கீழ், பிரதமருக்கே நேரடியாகச் செய்தி சொல்லும் அமைப்பாகக் காவ் அதை வளர்த்தார். அவருக்குத் துணையாகச் சங்கரன் நாயர் இருந்தார். நேரடித் தொடர்பின் அருமை இலங்கையருக்கு நன்றாகவே தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றி இந்தியா ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரித்தது. அதன்பின் 17 நாள்கள் இருந்தும் தடுக்கவேண்டியவர்கள் தடுக்கவில்லை. முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோர் நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

காவின் பெயரை நிலைநாட்டியது, கிழக்குப் பாகிஸ்தான் பங்களாதேஷாகப் பிரிந்த 1971. அந்த விடுதலைக்காகப் போராடிய முக்தி வாகினிக்குப் பயிற்சியும் ஆயுதமும் கிடைக்க றோ துணைநின்றது. அவ்வாண்டு தொடக்கத்தில் இந்திய விமானமொன்று லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதும், பாகிஸ்தான் விமானங்கள் தன் வான்வழியே பறக்க இந்தியா தடை விதித்தது. அவை டாக்காவுக்குப் போகக் கொழும்பைச் சுற்றி, இங்கே எரிபொருள் நிரப்ப வேண்டியதாயிற்று. 1975இல் சிக்கிம் இந்தியாவுடன் இணைந்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

பிரதமருடனான அந்த நேரடித் தொடர்பே பலவீனமும் ஆனது. பாராளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்படாத றோவைப் பாராளுமன்றம் தட்டிக்கேட்க வழியில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் காவ் விலகினார். புதிய பிரதமர் மொரார்ஜி தேசாய் நிறுவனத்தைச் சுருக்கினார். இந்திரா மீண்டும் வந்தபின் 1981 முதல் 1984 வரை காவ் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தார். 1983 ஜூலைக் கலவரத்தின் பின் இலங்கைத் தமிழ் இயக்கங்களுக்கு இந்தியா பயிற்சியளித்ததும் இக்காலத்தில்தான். அப்போது றோவின் தலைவர் ஜி. சி. சக்சேனா. அந்த முடிவை எடுத்தவர்களை எந்தச் சபையும் விசாரிக்கவில்லை. அந்தப் பயிற்சியின் விலையை இலங்கையின் கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் உயிரால் கொடுத்தனர்.

காவ் பேட்டி தருவதையும் படமெடுக்கப்படுவதையும் தவிர்த்தவர். ஓய்வில் குதிரைச் சிற்பங்கள் வடித்தார். அவரிடம் பயின்றவர்கள் ‘காவ்பாய்ஸ்’ எனப்பட்டனர். அவர்களில் ஒருவரான தமிழர் பி. ராமன் 2007இல் அப்பெயரிலேயே நூல் எழுதினார். காவ் 2002 ஜனவரியில் காலமானார்.