தலைப்பிள்ளையும் தந்தையும்

"சாமி, எனக்கு மகள் பிறந்திருக்கிறாள்!" என்று கூறிக்கொண்டே ஓர் இளைஞர் ஒரு நாள் மாலை பங்கு இல்லத்தின் படியேறி வந்தார். முந்தின ஆண்டு நம் ஆலயத்தில் திருமணத் திருவருட்சாதனம் பெற்றவர். தனியார் நிறுவனம் ஒன்றில் ஓட்டுநராகப் பணிபுரிபவர். தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். திரையில் பச்சிளங் குழந்தை ஒன்று கண்மூடித் துயின்றுகொண்டிருந்தது.

"கையில் ஏந்தினீரா, தம்பி?" என்று கேட்டோம்.

"ஒரே ஒரு முறை, சாமி. எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று மாமியார் வாங்கிக்கொண்டார்கள். மறுநாளே வேலைக்குத் திரும்பிவிட்டேன். இப்போது இதில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். பின்னர் சற்றுத் தயங்கி, "சில நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அங்கேயே இருக்கலாமா, சாமி? ஊரார் சிரிப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது" என்று வினவினார்.

நாம் கூறிய விடை இது: "அங்கே பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீர் வேலையைக் கவனியும். மூன்றாம் மாதம் பிள்ளை வீட்டிற்கு வந்த பிறகு ஆசை தீரக் கொஞ்சலாம்."

அவ்விடை தவறானது. அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

தாய்வீட்டு வழக்கம்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் முன்னோர் வகுத்த நல்வழக்கம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளையல் அடுக்கி, மகளைத் தாய் தன் இல்லத்திற்கு அழைத்துச் செல்கிறாள். பச்சை உடம்புக்காரிக்கு ஓய்வும், பத்திய உணவும், கூச்சமின்றி நோவைச் சொல்லி அழத் தாய்மடியும் அங்குக் கிடைக்கின்றன. இதனை நாம் குறை கூறப் போவதில்லை.

ஆயினும், இவ்வழக்கத்தின் நிழலில் ஒருவர் மறக்கப்படுகிறார். அவர்தாம் குழந்தையின் தந்தை. அவர் அவ்வீட்டிற்கு மாப்பிள்ளையாக வருகிறார். நாற்காலியும் காப்பியும் அவருக்குத் தரப்படுகின்றன. குழந்தையைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அது அழுதவுடன் உள்ளே கொண்டுபோய்விடுகிறார்கள். மாலையில் அவர் பேருந்து ஏறுகிறார். தம் சொந்தப் பிள்ளையிடம் அவர் விருந்தாளியாகிவிடுகிறார். விருந்தாளியாகத் தொடங்கிய சிலர், பிள்ளை வளர்ந்த பிறகும் விருந்தாளியாகவே நின்றுவிடுவதைப் பங்குப் பணியில் நாம் கண்டிருக்கிறோம்.

பெத்லகேமில் ஒரு தலைப்பிரசவம்

திருக்குடும்பத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். மரியன்னையின் பேறுகாலம் தாய்வீட்டில் நிகழவில்லை. குடிக்கணக்கிற்காகப் பெத்லகேம் சென்ற இடத்தில், நாசரேத்துக்கு வெகு தொலைவில், அது நிகழ்ந்தது. நற்செய்தியாளர் லூக்கா அங்கே தாயையோ, அண்டை வீட்டுப் பெண்களையோ குறிப்பிடவில்லை. இடையர்கள் விரைந்து சென்று கண்டவர்கள் மூவரே: மரியாள், சூசையப்பர், தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டிருந்த குழந்தை.

நற்செய்தி ஏடுகளில் புனித சூசையப்பர் பேசிய சொல் ஒன்றுகூட இல்லை என்பதை அனைவரும் அறிவர். ஆனால் அவர் செய்தவை உள்ளன. 8-ஆம் நாள் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்து இயேசு என்று பெயரிடப்பட்டது. அப்பெயரை இடும் பொறுப்பை வானதூதர் சூசையப்பரிடமே ஒப்படைத்திருந்தார் என்று மத்தேயு கூறுகிறார். லேவியர் ஆகமத்தின்படி ஆண் குழந்தை பெற்ற தாய்க்குரிய தூய்மைச் சடங்கின் நாட்கள் 40. அவை நிறைவெய்தியபோது தாயையும் சேயையும் கூட்டிக்கொண்டு அவர் எருசலேம் ஆலயம் சென்றார். காணிக்கை ஓர் இணை மாடப்புறாக்கள் அல்லது இரு புறாக் குஞ்சுகள். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியற்றோருக்குச் சட்டம் அனுமதித்த காணிக்கை அது. பிப்ரவரி 2-ஆம் நாள் நாம் மெழுகுதிரி ஏந்திக் கொண்டாடுவது அந்நிகழ்ச்சியையே. பின்னர் ஓர் இரவு கனவில் எச்சரிக்கை கிடைத்ததும், விடியும்வரை காத்திராது, இருவரையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார்.

இரவில் எழுந்த தந்தை அவர். அந்த முதல் வாரங்களில் அவர் அயலிடத்தில் இருந்திருப்பின், எழுப்பப்பட வேண்டிய வேளையில் அருகில் யார் இருந்திருப்பார்?

அருகிருக்கும் தந்தை என்ன செய்யலாம்?

"பால் கொடுப்பது தாய், நான் அங்கிருந்து என்ன செய்வது?" என்று இளைஞர் கேட்கலாம். செய்வதற்கு நிறையவே உண்டு.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். முதலில் சுரக்கும் சீம்பாலை வீணாக்கலாகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் தேவையில்லை என்று மருத்துவ உலகம் வலியுறுத்துகிறது. நம் வீடுகளிலோ சேனை வைப்பதென்றும், தேன் தொட்டு வைப்பதென்றும், மருந்து உரைத்து ஊற்றுவதென்றும் அன்பின் மிகுதியால் செய்துவிடுகிறார்கள். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆபத்தானது. "வேண்டா, அத்தை" என்று பணிவோடும் உறுதியோடும் சொல்லும் பொறுப்பு தந்தையைச் சேர்ந்தது. களைத்துக் கிடக்கும் மனைவியை அந்த வாதத்திற்கு முன்னே தள்ளலாகாது. தொப்புள் கொடி பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே உதிர்ந்துவிடும். அதன்மேல் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ பூசாது உலர்வாக வைத்திருந்தால் போதும்.

பச்சிளங் குழந்தை இரவென்றும் பகலென்றும் அறியாது. நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலருந்தும். பால் கொடுத்த பின்பு குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்வதும், நனைந்த துணியை மாற்றுவதும், அதனைத் துவைத்து வெயிலில் உலர்த்துவதும் ஆண்மகன் கைக்கு இழுக்கல்ல. வெற்று மார்பில் குழந்தையை அணைத்துப் போர்த்திக்கொள்வதும் தந்தைக்கு இயலும். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்து வைத்துக் காக்கும் முறை 1970-களின் இறுதியில் தொடங்கிற்று. பின்னர் பல நாடுகளுக்கும் பரவிய அம்முறையில் தந்தையும் பங்கேற்கலாம் என்பது இன்று மருத்துவர் ஒப்பும் செய்தியாகும்.

அழுகை பற்றியும் ஒரு சொல். இரண்டாம் வாரமளவில் அழுகை கூடத் தொடங்கி, ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தணிவது பெரும்பாலான குழந்தைகளின் இயல்பு. பொறுமை இழக்கும் வேளையில் குழந்தையைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டு, சற்று வெளியே சென்று மூச்சு வாங்கி வரலாம். எக்காரணம் கொண்டும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கலாகாது. அதன் மூளைக்குக் கேடு விளையும்.

அஞ்ச வேண்டிய அறிகுறிகளையும் தந்தை அறிந்திருத்தல் வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் எழாது சோர்ந்து கிடத்தல், உடல் அனலாகச் சுடுதல் அல்லது சில்லிட்டுப் போதல், நிமிடத்திற்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்குதல், வலிப்பு, முதல் நாளிலேயே மஞ்சள் தோன்றுதல் அல்லது அது உள்ளங்கை உள்ளங்கால்வரை பரவுதல் - இவற்றுள் ஒன்று காணினும் கைவைத்தியம் செய்து காலம் கடத்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

தாயின் மனமும் தந்தையின் மனமும்

பிள்ளை பெற்ற சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் விடும் பெண்கள் பலர். அது இரண்டு வாரங்களுக்குள் தானே தெளிவது வழக்கம். அதற்கு மேலும் நீடித்து, உணவும் உறக்கமும் பிள்ளையும்கூட வேண்டாவென அவள் ஒதுங்கினால், அது நோய். அதற்கு மருத்துவம் உண்டு. "திமிர்" என்றோ, "காத்துக் கருப்பு" என்றோ கூறி அவளை மேலும் வருத்துவது பாவம். அவள் முகத்தை நாள்தோறும் பார்க்கும் கணவனுக்கே அம்மாற்றம் முதலில் புலப்படும். கைப்பேசித் திரை அதனைக் காட்டாது. அழைப்பு வந்ததும் அவள் முகம் துடைத்துக்கொண்டு சிரித்துவிடுவாள்.

தந்தையின் மனம் பற்றி நாம் பேசுவதே இல்லை. மேலே சொன்ன இளைஞர் பிற்பாடு நம்மிடம் மனம் திறந்தார்: "பிள்ளையைப் பார்த்ததும் பாசம் பொங்கும் என்றார்கள், சாமி. எனக்கு அச்சமே மிகுந்திருந்தது. நான் கெட்டவனோ என்று நினைத்தேன்." அவர் கெட்டவர் அல்லர். தாய் ஒன்பது மாதம் சுமந்து அறிந்த உயிரைத் தந்தை அன்றுதான் முதன்முதலாகக் காண்கிறார். அவருக்கு அன்பு கைகளின் வழியாகவே வந்து சேர்கிறது. துணி மாற்றிய கைக்கும், இரவில் தோளில் போட்டு நடந்த கைக்கும் அது வரும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், புனித சூசையப்பர் அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டதன் 150-ஆம் ஆண்டு நினைவாக 2020 டிசம்பர் 8-ஆம் நாள் வெளியிட்ட 'பாத்ரிஸ் கோர்தே' என்னும் திருத்தூது மடலில், ஒருவர் பிள்ளையைப் பெறுவதால் மட்டும் தந்தையாகிவிடுவதில்லை, அதன் பொறுப்பை ஏற்பதனாலேயே தந்தையாகிறார் என்று உணர்த்துகிறார்.

அந்த இரவு

அந்த இளைஞர் நம் சொல்லைக் கேட்கவில்லை, இறைவனுக்கு நன்றி. ஊதியமில்லா விடுப்பில் பத்து நாள் மாமியார் வீட்டிற்குச் சென்றார். (மத்திய அரசுப் பணியிலுள்ள தந்தையருக்கு 15 நாள் விடுப்புக்கு விதி உண்டு, தனியார் நிறுவனங்களில் உழைக்கும் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை.) திண்ணையில் படுத்தார். இரவில் மனைவி சற்று உறங்கட்டுமென்று பிள்ளையைத் தாம் வைத்துக்கொண்டார். வேறொன்றும் தெரியாததால், பால் குடித்த வேளைகளை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்துவந்தார். வீட்டார் நகைத்தனர்.

குழந்தையின் 19-ஆம் நாள் இரவு. குறித்த தாளைப் பார்த்தார். மாலையிலிருந்து குழந்தை சரிவரப் பாலருந்தவில்லை. பாதங்கள் சில்லிட்டிருந்தன. "செரிமானக் கோளாறு, மருந்து உரைத்துக் கொடுத்தால் காலையில் சரியாகிவிடும்" என்றார் மாமியார். அவரை நாம் குறை சொல்லோம்; அதுவரை 18 இரவுகள் கண்விழித்த பெருமாட்டி அவர். ஆனால் இவர் காத்திருக்கவில்லை. ஆட்டோவை வரவழைத்து, மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைந்தார். இரத்தத்தில் கிருமித் தொற்று என்றனர் மருத்துவர். விடியும்வரை தாமதித்திருந்தால் காப்பாற்றுவது அரிதாகியிருக்கும் என்றும் கூறினர். பத்து நாள் மருத்துவத்தில் குழந்தை தேறியது.

திரும்பி வந்து இதனை நம்மிடம் விவரித்தபோது, "நீங்கள் சொன்னபடி இருந்திருந்தால்..." என்று அவர் தொடங்கவே இல்லை. அவ்வாக்கியத்தை நாமே நமக்குள் சொல்லிக்கொண்டோம். ஊரெல்லாம் நம்மைத் தந்தை என்று அழைக்கிறது. ஆனால் ஒரு குழந்தைக்கு ஏப்பம் விடச் செய்ய நமக்குத் தெரியாது. திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் திருமணத்தின் ஒருமை, முறிவுபடாத் தன்மை ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் விளக்கியிருக்கிறோம்; மணமகனை நோக்கி, "உம் பிள்ளையின் முதல் வாரங்களில் நீர் எங்கே இருப்பீர்?" என்று ஒரு முறையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறோம்.

திருமுழுக்குத் தொட்டியருகே

குழந்தை பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்குப் பெற ஆவன செய்வது பெற்றோரின் கடமை என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 867-ஆம் விதியில் கூறுகிறது. உயிருக்கு ஆபத்தான வேளையில் தாமதமின்றித் திருமுழுக்கு அளிக்க வேண்டும் என்பதும் அதே விதி. குழந்தைகளுக்கென 1969-இல் வெளியான திருமுழுக்குச் சடங்குமுறை, பெற்றோருக்கு முதலிடம் அளித்தது. குருவானவருக்குப் பின் தந்தையும் தாயும் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைகின்றனர். இறுதியில் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே ஆசி வழங்கப்படுகிறது. அவ்வாசி பெறும் தந்தை, பிள்ளைக்குப் பழகிய முகமாக இருத்தல் நலமன்றோ!

நம் இளைஞரின் மகளுக்குத் திருமுழுக்கு நடந்த ஞாயிறன்று ஆலயம் நிறைந்திருந்தது. தண்ணீர் வார்க்கும் வேளையில் பாட்டி தம் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தார். பின் மருமகனைப் பார்த்தார்.

"நீங்களே பிடியுங்கள், மாப்பிள்ளை. உங்களிடம்தான் அழாமல் இருப்பாள்" என்றார்.

அவர் ஏந்தினார். தண்ணீர் பட்டதும் குழந்தை வீரிட்டழுதது. ஆனால் தந்தையின் தோளில் சாய்ந்து, அவர் முதுகைத் தட்டத் தொடங்கிய சிறிது நேரத்தில் அடங்கிவிட்டது.

தலைப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் இளைஞர்களே, இயன்ற விடுப்பை இப்போதே கேட்டு வையுங்கள். மாமியார்களே, மருமகன் உள்ளே வர ஒரு பாய் விரித்துக் கொடுங்கள். இறைவன் உங்கள் இல்லத்திற்கு அனுப்பும் அக்குழந்தைக்கு அந்த முதல் வாரங்களிலேயே தாயும் வேண்டும், தந்தையும் வேண்டும். சூசையப்பர் உங்களுக்காக மன்றாடுவாராக!