‘பாக்’ பார்க்கும் கண்

கிரிக்கெட்டில் நோபால் பார்க்க ஒரு கோடு இருக்கிறது. பேஸ்பாலில் ‘பாக்’ என்னும் தவறைப் பார்க்க அப்படியொரு கோடு கிடையாது. பேஸில் ரன்னர் நிற்கும்போது, பந்தெறியும் பிட்சர் விதிக்குப் புறம்பாக அசைந்தால் அது பாக். ரன்னர்கள் அனைவரும் ஒரு பேஸ் முன்னேறலாம். எறியத் தொடங்கிவிட்டு நிறுத்துவது, முதல் பேஸுக்கு எறிவதுபோல் பாசாங்கு செய்வது, கைகளைச் சேர்த்தபின் அசையாமல் நிற்கத் தவறுவது என்று அமெரிக்க மேஜர் லீக் விதிநூல் 13 வகைகளை அடுக்குகிறது. அத்தனையையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வீச்சுக்குள் நேரம் ஏது? பட்டியலை ஒப்பிப்பதைவிட, முறையான வீச்சைக் கண்ணில் ஊறவைப்பதே நடுவருக்கான முதல் பாடம். சரியானது பழகிவிட்டால், தவறு தானாகவே உறுத்தும்.

அந்தப் பழக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பார்வை முதலில் காலுக்குப் போகவேண்டும். பிட்சர் நின்று எறியும் ரப்பர் பலகையைத் தொட்டு நிற்கும் கால் எந்தப் பக்கம் விலகுகிறது, தூக்கிய கால் எந்தத் திசையில் இறங்குகிறது என்பதில்தான் பெரும்பாலான தீர்ப்புகள் அடங்கியிருக்கின்றன. இடக்கை பிட்சர் முதல் பேஸுக்கு எறியும்போது, பலகையிலிருந்து 45 பாகையில் ஒரு கற்பனைக் கோட்டை நடுவர்கள் மனதில் வரைந்துகொள்கிறார்கள். கால் அதைத் தாண்டி பேட்டர் பக்கம் இறங்கினால் பாக். அதன்பிறகே முழங்கால், தோள், கைகள் எல்லாம்.

ஏமாற்றும் நோக்கம் இல்லாவிட்டால் மன்னித்துவிடலாமே என்று கேட்கலாம். ஏமாற்றைத் தடுப்பதே நோக்கம் என்றும், ஐயம் எழுந்தால் பிட்சரின் எண்ணத்தைக் கருதவேண்டும் என்றும் விதிநூலே சொல்கிறது. ஆனால் பலகையில் நிற்கும்போது பந்து கைதவறி விழுந்தாலும் பாக்தான் என்பதும் அதே நூலில்தான் இருக்கிறது. எண்ணத்தை எடைபோடுவது ஐயத்துக்கு மட்டுமே. கண்ணால் கண்ட மீறலுக்கு அது விலக்கல்ல.

அப்படியானால் விதியை இன்னும் துல்லியமாக எழுதினால் போதாதா? 1988-இல் அதைச் செய்து பார்த்தார்கள். பிட்சர் அசையாமல் நிற்பது தெளிவாகப் புலப்படவேண்டும் என்று வாசகம் இறுக்கப்பட்டது. முந்தைய ஆண்டில் 356 ஆக இருந்த பாக், அந்த ஆண்டில் 924 ஆனது. ஓக்லண்ட் அணியின் டேவ் ஸ்டூவர்ட் ஒருவர் கணக்கில் மட்டும் 16. அடுத்த ஆண்டே இறுக்கம் தளர்ந்தது. பிட்சர்கள் ஒரே ஆண்டில் ஏமாற்றுக்காரர்களாகிவிடவில்லை. நடுவர்கள் பார்த்த அளவுகோல்தான் மாறியது. 2022 செப்டம்பரில் மயாமி அணியின் ரிச்சர்ட் பிளையர், அதுவரை மேஜர் லீக்கில் ஒரு பாக்கும் வாங்காதவர், ஒரே பேட்டருக்கு எறியும்போது, முழுதாக நிற்கவில்லை என்று மூன்று பாக் வாங்கினார். முதல் பேஸில் நின்ற ரன்னர் அடி எதுவும் இல்லாமலே ஹோம் வந்து சேர்ந்தார்.

முழுதாக நிற்பது என்பது ஓரளவு பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது என்பதையே இரண்டும் காட்டுகின்றன. அதனால் நடுவருக்குத் தேவை கூடுதல் கடுமை அல்ல, ஒரே சீரான பார்வை. முதல் இன்னிங்ஸில் விட்டதை எட்டாவது இன்னிங்ஸில் பிடிக்காதவரே நல்ல நடுவர்.