கையால் பிசைந்தால்தான் அத்தோ!

மாலை வேளையில் சென்னைப் பாரிமுனைப் பக்கம் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? பர்மா பஜாருக்குப் பின்புறத் தெருவில் தள்ளுவண்டிகளைச் சுற்றி ஒரே கும்பலாக இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் நூல் நூலாகக் குவிந்திருக்கும் நூடுல்ஸை வண்டிக்காரர் அள்ளிக் கிண்ணத்தில் போடுவார். கோஸ், வெங்காயம், புளித் தண்ணீர், எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்துக் கையாலேயே பிசைவார். கரண்டி கிடையாது! அதுதான் அத்தோ. பர்மியப் பாஷையில் அந்தச் சொல் இப்படிப் பிசைந்து கலந்த பண்டங்களைக் குறிக்கும்.

தெருவில் நின்று சாப்பிட என் மனைவிக்குக் கூச்சம். வீட்டிலேயே செய்வோமே என்று துணிந்தோம். முதல் தடவை வந்தது அத்தோ அல்ல, கூழ். வெந்த நூடுல்ஸை வெந்நீரோடு அப்படியே மூடி வைத்துவிட்டு இருவரும் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டோம். அரைமணி கழித்துத் திறந்தால், கரண்டியை நட்டால் நிற்கிறது!

பிறகுதான் வியாசர்பாடியில் ஒரு பாட்டியம்மாவைத் தேடிப் போனோம். ரங்கூனில் பிறந்து, 1964-ல் ஒன்பது வயதில் கப்பலேறி வந்தவர். 1962 மார்ச்சில் ஜெனரல் நெ வின் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றினார் அல்லவா? அதன்பின் கடை கண்ணிகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமற் போயின. பல தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் வெறுங்கையோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

“எங்க அப்பா கடையைப் பூட்டக்கூட இல்லைம்மா. சாவியை வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க” என்றார் பாட்டி. அவருடைய தாயார் கூடையில் அத்தோ சுமந்து விற்றுத்தான் ஐந்து குழந்தைகளை வளர்த்தாராம். பின்னால் பாட்டியும் முப்பது வருஷம் வண்டி போட்டார். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பேத்தியோ, “ஏன் ஆயா சிரமப்படறே? வாங்கிச் சாப்பிட்டாப் போச்சு” என்கிறாள். “நீயாச்சும் எழுதிக்கோம்மா” என்று என் மனைவியிடம் அவர் சொன்னபோது, எனக்குத் தொண்டையை என்னவோ செய்தது.

சரி, அடுப்பங்கரைக்கு வாருங்கள். நாலு பேருக்கு இருநூறு கிராம் சாதா கோதுமை நூடுல்ஸ் போதும். மசாலாப் பொட்டலத்தோடு வரும் இரண்டு நிமிஷச் சரக்கு வேண்டாம். அது முன்பே வேகவைத்துப் பொரித்தது, பிசைந்தால் குழைந்துவிடும். அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதித்த பிறகு, உப்பும் சிட்டிகை மஞ்சளும் சேர்த்து நூடுல்ஸைப் போடுங்கள். ஓர் இழையை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு மறைந்ததும், ஒரு நிமிஷங்கூடத் தாமதிக்காமல் வடிகட்டிக் குளிர்ந்த நீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் தடவிப் பரப்பிவிட வேண்டும். நாங்கள் கோட்டை விட்ட இடம் இதுதான்!

இரண்டு பெரிய வெங்காயத்தையும் எட்டுப் பல் பூண்டையும் மெல்லிசாக அரிந்து, தனித்தனியே பொன்னிறமாகப் பொரித்து எடுங்கள். பொரித்த எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். அத்தோவின் வாசனை முழுவதும் அதில்தான் இருக்கிறது. மூன்று மேஜைக்கரண்டி கடலைமாவை வெறும் வாணலியில், சிறு தீயில், பச்சை வாடை போகும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். புளித் தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சி இழையோடு ஒட்ட வைப்பது இந்த மாவுதான். மாவு இல்லாவிட்டால் புளி கிண்ணத்தின் அடியில் போய்த் தேங்கிவிடும்.

இனிக் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். நூடுல்ஸ், மயிரிழையாகச் சீவிய பச்சைக் கோஸ் இரண்டு கிண்ணம், கெட்டிப் புளித் தண்ணீர், வறுத்த மாவு, இடித்த மிளகாய், உப்பு, அந்த எண்ணெயில் இரண்டு கரண்டி; எல்லாவற்றையும் விரல் நுனியால் தூக்கித் தூக்கிப் பிசையுங்கள். அழுத்தினால் இழை அறுந்துவிடும். பொரித்த வெங்காயம், பூண்டு, கொத்துமல்லி, நொறுக்கிய தட்டை இரண்டு ஆகியவற்றைக் கடைசியில்தான் தூவ வேண்டும். பிசைந்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும்; காத்திருந்தால் தட்டை நமுத்துப் போகும். தாமதமாக வரும் கணவன்மார்களுக்குத் தனியாகப் பிசைந்து கொடுங்கள்!

கூடவே வாழைத்தண்டு சூப். பர்மாவில் ‘மோஹிங்கா’ என்று மீன் குழம்பில் வாழைத்தண்டு போட்டு, அரிசி நூடுல்ஸோடு காலையில் சாப்பிடுவார்கள். இங்கே வண்டிகளில் மீனில்லாமலே சூப் கிடைக்கிறது. சைவ வீடுகளுக்குச் சௌகரியம். நார் எடுத்து நறுக்கிய தண்டை மோர்த் தண்ணீரில் போட்டு வைத்தால் கறுக்காது. இஞ்சி, பூண்டு, வெங்காயம் வதக்கி, தண்டும் மஞ்சளும் சேர்த்து வேகவிட்டு, வறுத்த கடலைமாவை இரண்டு கரண்டி கரைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவி இறக்க வேண்டியதுதான்.

பாட்டியிடம் அளவு கேட்டுப் பயனில்லை. “கைக்குத் தெரியும்” என்பார். அவர் பிசையப் பிசைய, ஒவ்வொரு பிடியையும் என் மனைவி தட்டில் கொட்டி அளந்து எழுதிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிசைந்ததை ஒரு தூக்கில் போட்டு, தட்டையைத் தனியே பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். பாட்டி ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். நாங்கள் மூச்சுவிடவில்லை.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றார். இன்னொரு வாய் எடுத்துக்கொண்டே, “புளி எங்கம்மா போட்ட மாதிரியே இருக்கு” என்றார்.