அரங்கும் நூலும்: கல்முனைக் கரையோர இலக்கியக் கூட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

பெருநகரங்களிலே நூலையும் நூலாசிரியரையும் வாசகரையும் ஓரிடத்திற் கூட்டும் பணியைப் புத்தக விழாக்கள் ஆற்றிவருகின்றன. சென்னைப் புத்தகக் கண்காட்சி 1977இலும், கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி 1999இலும் தொடங்கின. பதிப்பகங்களும் விற்பனை நிலையங்களும் மலிந்த நகரங்களுக்கே இவை இயல்பாகப் பொருந்துவன. பதிப்புத் தொழில் வேரூன்றாத ஊர்களில் அப்பணி எவ்வாறு நிறைவேறுகின்றது என்னும் வினாவுக்கு அம்பாறை மாவட்டக் கரையோரம் விடையொன்றைத் தருகின்றது. அங்கு கவியரங்கு, நூல் வெளியீட்டு விழா, ஆய்வரங்கு எனப் பெயர்பெறும் கூட்டங்களே புத்தக விழாவின் இடத்தை நிரப்புகின்றன. ஓர் ஆக்கத்தைக் கேட்பித்தல், அது நூலாக வெளிவரத் துணைநிற்றல், அதனை மதிப்பிடுதல் என்னும் மூவகைப் பணிகள் இக்கூட்டங்களுக்கு உரியன. முதலிரண்டும் செழித்திருக்க, மூன்றாவது நலிவுற்றுள்ளது என்பதே ஈண்டு நாம் நிறுவ முற்படும் கருத்தாகும்.

கேள்வி மரபும் அரங்கேற்ற மரபும்

பெரியநீலாவணையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களை அடுத்தடுத்துக் காண்பர். முஸ்லிம்களின் ஊர்களும் தமிழரின் ஊர்களும் இடையிட்டு அமைந்த இக்கரையில் இருசாராரின் தாய்மொழியும் தமிழே. நெல் வேளாண்மை, மீன்பிடி, மருதமுனையின் கைத்தறி நெசவு என்பன இம்மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாய் அமைந்த தொழில்கள்.

இங்கு இலக்கியம் முதலிற் செவிவழியே நிலைபெற்றது. வயற்புறத்துக் கவிகளும் பொல்லடிப் பாடல்களும் தாலாட்டுக்களும் ஏட்டின் துணையின்றியே தலைமுறைகளைக் கடந்து வந்தன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்தமையால் அவை அச்சேறின. செவ்வியல் மரபும் இப்பகுதிக்குப் புறம்பானதன்று. மருதமுனைப் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீனின் 'நபிமொழி நாற்பது' இதற்குச் சான்றாகும்.

நூலொன்றைக் கூட்டத்தின் முன்வைத்து வெளியிடும் வழக்கம் தமிழில் அரங்கேற்றம் எனப்பட்டது. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் தொன்மையானதாகக் கருதப்படும் 'ஆயிரமசலா' 1572இல் மதுரையில் அரங்கேறியதாக அறியப்படுகின்றது. அரங்கேற்றம் வெறும் பாராட்டு நிகழ்ச்சியன்று. அவையிலே புரவலரும் இருப்பர். ஐயமும் தடையும் எழுப்புவோரும் இருப்பர். அவற்றுக்கு விடைகூறிய பின்னரே நூல் நிலைபெறும் என்பது அம்மரபின் எதிர்பார்ப்பாகும். நூலுக்கு ஆதரவு தருவதும் அதனை ஆராய்வதும் ஒரே அவையின் கடமைகளாய் அமைந்தமை மனங்கொளத்தக்கது.

கவியரங்கின் காலம்

1960களில் இக்கரையோரத்து இலக்கிய முயற்சிகள் புதுவேகம் பெற்றன. 1966இல் மருதமுனையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு நடைபெற்றது. பெரியநீலாவணையைச் சேர்ந்த கவிஞர் நீலாவணன் கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று இயக்கினார். எம்.ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி ஆகிய முஸ்லிம் எழுத்தாளரும் பாண்டியூரன், ஜீவா ஜீவரத்தினம் ஆகிய தமிழ் எழுத்தாளரும் அச்சூழலில் ஒருங்கே இயங்கினர். நீலாவணன் 'பாடும்மீன்' என்னும் ஏட்டையும், பின்னர் நுஃமான் 'கவிஞன்' என்னும் ஏட்டையும் இப்பகுதியிலிருந்து வெளியிட்டனர்.

கவியரங்கு ஒரு பயிற்சிக்களமாகவும் விளங்கியது. ஒருமுறை கேட்ட அளவிலேயே பொருள் விளங்கவேண்டும். ஓசை பேச்சை ஒட்டிச் செல்லவேண்டும். அவையோர் அறிந்த வாழ்க்கை பாட்டினுள் இடம்பெறவேண்டும். இத்தேவைகள் பண்டிதத் தமிழிலிருந்து கவிதையை விடுவிக்கத் துணைபுரிந்தன. எனினும் கேட்பித்தலோடு அமைந்த அரங்கின் எல்லையையும் நாம் நோக்குதல் வேண்டும். நீலாவணன் 1975இற் காலமானார். அவரது முதற் கவிதைத் தொகுதியாகிய 'வழி' 1976இலும், 'வேளாண்மை' என்னும் காவியம் 1982இலுமே வெளிவந்தன. அரங்கிலும் ஏடுகளிலும் புகழ்பெற்ற கவிஞர் தமது தொகுதியொன்றைத்தானும் காணாது மறைந்தமை, குரலுக்கும் நூலுக்கும் இடையே இருந்த தூரத்தைப் புலப்படுத்துகின்றது.

வெளியீட்டு விழாவின் இயல்பு

இத்தூரத்தைக் குறைத்த அமைப்பே நூல் வெளியீட்டு விழாவாகும். நூலாசிரியர் பெரும்பாலும் தமது ஊதியத்தைக் கொண்டோ கடன்பெற்றோ சில நூறு பிரதிகளை அச்சிடுகின்றார். புத்தகக்கடைவழி அவை விலைப்படும் என்னும் உறுதியில்லை. எனவே பாடசாலை மண்டபமொன்றில் விழா ஏற்பாடாகின்றது. கிறாஅத், வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை என நிகழ்ச்சி தொடர, புரவலரொருவர் முதற்பிரதியைப் பெற்றுக்கொள்வார். அவரைத் தொடர்ந்து ஊர்ப்பெரியாரும் ஆசிரியரும் வணிகரும் உறவினரும் மேடையேறிப் பணம் வைத்த கடித உறையைக் கொடுத்துப் பிரதி பெறுவர். உறையினுள் இருப்பது நூலின் விலையன்று. ஊரவர் தம்முள் ஒருவருக்குச் செய்யும் ஒத்தாசையாகும். அன்று சேரும் பணத்திலேயே அச்சுக்கூலியின் கணிசமான பகுதி அடைபடுகின்றது. பதிப்பாளர் முதலிடவேண்டிய இடத்தில் ஊர் முதலிடுகின்றது எனலாம்.

இவ்வமைப்பின் பலம் இதுவே. குறையும் இதிலேயே தோன்றுகின்றது. பிரதிகள் அன்றுதான் அவையோரின் கையை அடைவதால், உரையாற்றுவோர் தவிர வேறெவரும் நூலைப் படித்திருப்பதில்லை. உதவ வந்தோர் முன்னிலையில் நூலின் குறையை எடுத்துரைப்பது பண்பாடன்று எனக் கருதப்படுகின்றது. ஆகவே ஆய்வுரை நயவுரையாகச் சுருங்குகின்றது. தமது யாப்பு எங்கே தளர்ந்தது, கதை எங்கே நம்பத்தகாததாயிற்று என்பதை இளம் எழுத்தாளர் அறியாமலே அடுத்த நூலுக்குச் செல்கின்றார். எஞ்சிய பிரதிகள் வீட்டு அலுமாரியில் தங்கிவிடுகின்றன.

அயலூர்த் திறனாய்வாளரின் தேவை

இந்நலிவுக்குச் சமூகக் காரணமும் உண்டு. 1985இலும் 1990இலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே நேர்ந்த வன்முறைகள் அயலூர்களைத் தொலைவூர்களாக்கின. ஓரூரார் மட்டும் கூடும் அவை உறவுக்குக் கட்டுப்பட்ட அவையாகும். அயலூரிலிருந்து வரும் திறனாய்வாளரோ அவ்வூர்க் கடப்பாடுகளுக்கு அத்துணை கட்டுப்பட்டவரல்லர். இருசாராரும் கலந்திருந்த அவை நல்லிணக்கத்துக்கு மட்டுமன்றி நேர்மையான மதிப்பீட்டுக்கும் ஏற்றது என நாம் கருதுகின்றோம்.

கவிதையின் போக்கும் இதனை வேண்டிநிற்கின்றது. 'நானும் ஒரு பூனை' (1985) முதலாகக் கல்முனைக் கவிஞர் சோலைக்கிளி படைத்துவரும் படிமக் கவிதை, ஒருமுறை கேட்டு உணர்ந்துவிடத் தக்கதன்று. அதனைப் படித்தவர் கூடி உரையாடும் அவையே அதற்குத் தேவையானது.

முடிவுரை

வெளியீட்டு விழாவை மாற்றியமைக்க வேண்டுமென நாம் கூறவில்லை. அஃதின்றேல் இக்கரையோரத்து நூல்கள் பல அச்சேறியிரா. அதற்கு இரண்டாம் நாளொன்று சேர்க்கப்படல் வேண்டும் என்பதே நமது துணிபு. வெளியீட்டின்பின் மூன்று மாதமளவில், நூலைப் படித்தோர் மட்டும் கூடும் ஆய்வரங்கு அயலூரொன்றில் நடைபெறலாம். மருதமுனை நூலைக் காரைதீவிலும் பாண்டிருப்பு நூலை நிந்தவூரிலும் ஆராய்வது அரியதன்று. ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர் இதற்குத் துணையாகலாம். அங்கு எழும் தடைவிடைகள் எழுத்திற் பதிவாகி, நூலின் பிரதியுடன் ஊர் நூலகத்தை அடைதல் வேண்டும். ஊரின் ஒத்தாசையால் அச்சேறும் நூல், அயலூரின் ஆராய்வினாலேயே இலக்கியமாக நிலைபெறும்.