நஞ்சற்ற பாம்பு கடித்தால் ஆபத்து உண்டா?

ஹைதராபாத்: பாலாநகர் போன்ற தொழிற்பேட்டைகளில் எலிகளைத் தேடி வரும் சாரைப்பாம்பும், மழைநீர் தேங்கும் இடங்களில் காணப்படும் தண்ணீர்ப் பாம்பும் நஞ்சற்றவை. இவை கடித்தால் கீறலும் சிறிது இரத்தக்கசிவும் ஏற்படுமே தவிர, உயிருக்கு ஆபத்தில்லை. காயத்தைச் சோப்பு நீரால் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

சிக்கல், அடையாளம் காண்பதில்தான் உள்ளது. வீட்டுச் சுவர்களில் ஏறும் நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பு, கொடிய நஞ்சுள்ள கட்டுவிரியனைப் போலவே தோன்றும். ஓநாய்ப் பாம்பின் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனில் கழுத்தருகே மங்கலாக இருந்து வாலை நோக்கித் தெளிவடையும். நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் இதை யார் கவனிப்பது? மேலும், கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. வெறும் கீறல் எனக் கருதி உறங்கிவிடுவோருக்குச் சில மணி நேரத்தில் இமைகள் சரிந்து, மூச்சுத் திணறல் ஏற்படக்கூடும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் உயிரிழந்ததாக ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. ஆகவே பாம்பு எதுவெனத் தெரியாவிடில், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். குதிரை இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படும் நஞ்சுமுறி மருந்து ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்பதால், நஞ்சேறிய அறிகுறிகள் தென்பட்ட பின்னரே அது செலுத்தப்படுகிறது. அதுவரை கடிபட்டவர் கண்காணிப்பில் வைக்கப்படுவார்.